குட்டி யானைக்கு என்ன சாப்பாடு?

குட்டீஸ்! தட்டில் கேரட் பொரியல் விழுந்ததும் முகத்தைச் சுளிக்கும் ஆளா நீங்கள்? அந்தக் கேரட் எத்தனை கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்தது என்று தெரிந்தால், அதன்மேல் உங்களுக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்!

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்குப் பக்கத்தில் இருக்கிறது வில்பட்டி. மலைச்சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், வெள்ளைப்பூண்டு எல்லாம் இந்தப் பக்கத்து விளைச்சல். அதிலும் கொடைக்கானல் மலைப்பூண்டு ரொம்பப் பிரபலம். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இந்தப் பெயர் இந்த மண்ணில் விளைந்த பூண்டுக்கு மட்டும்தான்' என்று அரசாங்கம் போட்டுக் கொடுத்த முத்திரை அது.

விளைந்தால் மட்டும் போதுமா? சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே! கொடைக்கானல் வந்து, வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை, டம் டம் பாறை என்று வளைந்து வளைந்து இறங்கினால் வத்தலக்குண்டு. மலைப்பாதை மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து திண்டுக்கல், மதுரை. இன்னொரு பக்கம் பழனி வழியாக இறங்கினால், தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்றான ஒட்டன்சத்திரம்.

மூட்டைகளைச் சுமந்து இறங்குபவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகள். முன்னால் டிரைவர் உட்கார ஒரு கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. அவ்வளவுதான் பிக்கப்! அதில் உங்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று, 2005-ல் டாடா கம்பெனி கொண்டுவந்த 'ஏஸ்'. பெயர் ஏஸ் என்றாலும் நம் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? குட்டி யானை! உருவம் சின்னது, சுமை பெரியது. அதனால் அந்தப் பெயர். இதுவரை 20 லட்சத்துக்கும் அதிகமான குட்டி யானைகள் விற்றிருக்கின்றன.

இத்தனை வருடமாக யானை குடித்தது டீசல். இப்போது உலகம் முழுவதும் கார் கம்பெனிகள், 'டீசலை நிறுத்திவிட்டு, வேறு எதைக் கொடுத்து இந்தப் பிக்கப் வண்டிகளை ஓட்டலாம்?' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பதிலைச் சொல்கிறது. சிலது பாதி வழியில் பதிலை மாற்றியும் சொல்கிறது!

அந்தக் கதைக்குள் போகும் முன் ஒரு புதிர். வில்பட்டியில் ஒரு மின்சாரக் குட்டி யானை நிற்கிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, பேட்டரி 100 சதவீதம் நிரம்பிவிட்டது. விடிவதற்குள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கக் கிளம்புகிறார் டிரைவர். அவர் முழு சார்ஜ் போட்டது சரியா, தப்பா? யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை கடைசியில்!

பால்காரரின் மின்சார வண்டி

மின்சார சரக்கு வண்டி ஏதோ நேற்றுப் பிறந்தது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாக, விடியற்காலையில் வீடு வீடாகப் பால் பாட்டில் கொண்டு போனவை பேட்டரி வண்டிகள்தான். மெதுவாகத்தான் போகும், ஆனால் சத்தமே வராது. தூங்குகிறவர்கள் தூங்கலாம்! தினமும் அதே தெரு, அதே தூரம், சாயங்காலம் அதே கொட்டகைக்குத் திரும்பி சார்ஜ். பால் வண்டிக்கு மின்சாரம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

எண்ணெயும் மின்சாரமும் சேர்ந்த 'ஹைப்ரிட்' வண்டியும் பழைய சங்கதிதான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கார் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1900-லேயே பெட்ரோல் இன்ஜினால் கரண்ட் தயாரித்து, அந்தக் கரண்டால் சக்கரத்தைச் சுற்றும் வண்டியைச் செய்து பார்த்துவிட்டார்.

'இன்ஜினே இருக்கும்போது நேராகச் சக்கரத்தைச் சுற்ற வேண்டியதுதானே, நடுவில் கரண்ட் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! டீசல் இன்ஜின் இழுத்துப் போகும் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அந்த இன்ஜினுக்குள் இருக்கும் டீசல் எந்திரம் சக்கரத்தைத் தொடுவதே கிடையாது. அது ஒரு ஜெனரேட்டரை ஓட்டுகிறது. ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கிறது. அந்தக் கரண்டில் ஓடும் மோட்டார்கள்தான் சக்கரத்தைச் சுற்றி, அத்தனை பெட்டிகளையும் இழுக்கின்றன. நின்ற இடத்திலிருந்து பெரிய பாரத்தை அசைக்க மின்சார மோட்டாரைப் போல வேறு ஆள் கிடையாது. பெட்ரோல், டீசல் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் முழு பலம் காட்டும். மோட்டாரோ ஸ்விட்சைப் போட்ட நொடியிலேயே முழு பலத்தையும் காட்டிவிடும்.

இந்த ரயில் இன்ஜினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரப்போகிறது.

அமெரிக்காவின் மின்னல்

அமெரிக்காவில் பிக்கப் என்றால் உயிர். ஃபோர்டு கம்பெனியின் 'எஃப்' வரிசை வண்டிகள், 1977-லிருந்து அந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப் என்ற பெயரை விட்டுக்கொடுக்கவே இல்லை. அப்படிப்பட்ட எஃப்-150 வண்டியை முழு மின்சாரமாக்கி, 'லைட்னிங்' என்று பெயர் வைத்து 2022-ல் விற்க ஆரம்பித்தார்கள். லைட்னிங் என்றால் மின்னல். ஊரில் கரண்ட் போனால் இந்த வண்டியிலிருந்து வீட்டுக்கு விளக்கு எரிய வைக்கலாம் என்றார்கள். கேட்கவே ஜோராக இருக்கிறது அல்லவா?

வாங்கியவர்கள் படகையும், குதிரை ஏற்றிய டிரெய்லரையும் பின்னால் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் சிக்கல்! பெரிய டிரெய்லரை இழுத்தால், ஒரு தடவை சார்ஜ் போட்டு ஓடும் தூரம் பாதியாகச் சுருங்கிப்போனது. 'அப்படியானால் பேட்டரியைப் பெரிதாக்க வேண்டியதுதானே' என்று தோன்றும். பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும், விலை கூடும். கூடிய எடையை இழுக்க இன்னும் கரண்ட் வேண்டும். ஜி.எம்.சி. கம்பெனியின் மின்சார 'ஹம்மர்' பிக்கப் நான்கு டன்னுக்கு மேல் எடை. அதில் பேட்டரியின் எடை மட்டும், நம் மின்சாரக் குட்டி யானையின் காலி வண்டியை விடக் குறைவில்லை. அம்மாடியோவ்!

2025 டிசம்பரில் ஃபோர்டு முடிவை மாற்றியது. முழு மின்சார லைட்னிங் உற்பத்தியை நிறுத்துவதாகவும், அடுத்து வரும் லைட்னிங்கில் மின்சார மோட்டாரோடு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கும் என்றும் அறிவித்தது. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும். ஜெனரேட்டரின் வேலை கரண்ட் கொடுப்பது மட்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் டீசல் ரயில் இன்ஜினேதான், கூடவே ஒரு பேட்டரி! மின்சார வண்டித் திட்டங்களை இப்படி மாற்றியதால் 1,950 கோடி டாலர் கணக்கில் கழிக்க நேரிடும் என்றும் ஃபோர்டு சொன்னது. ரூபாயில் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். கால்குலேட்டரில் இடம் போதாது!

'ராம்' என்ற இன்னொரு அமெரிக்கப் பிக்கப் கம்பெனியும் இதே கதை. முழு மின்சார வண்டித் திட்டத்தை 2025 செப்டம்பரில் கைவிட்டு, ஜெனரேட்டர் வைத்த வண்டிதான் வரும் என்றது. டெஸ்லா கம்பெனி வேறு ரகம். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில், கூர் கூராக மடித்த காகிதம் மாதிரி 'சைபர்டிரக்' என்ற வண்டியை 2019-ல் காட்டியது. 'இதன் கண்ணாடி உடையாது' என்று மேடையிலேயே இரும்புக் குண்டை எறிந்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது! ஆனாலும் 2023 நவம்பரில் வண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்தது. பேட்டரி மட்டும்தான், பெட்ரோல் கிடையாது என்பதில் டெஸ்லா பிடிவாதம்.

ஜப்பானின் டொயோட்டா இதில் ரொம்ப நிதானம். 1997-லேயே 'பிரியஸ்' என்ற ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனி அது. 'எல்லா ஊருக்கும் ஒரே மருந்து சரிவராது' என்பது அவர்கள் கட்சி. 1968-லிருந்து அவர்கள் செய்துவரும் பிக்கப் 'ஹைலக்ஸ்'. அதன் புது மாடலை 2025 நவம்பரில் தாய்லாந்தில் காட்டினார்கள். ஒரே வண்டிக்கு டீசலோடு ஒரு சின்ன மோட்டார் கை கொடுக்கும் ரகம் ஒன்று, முழு பேட்டரி ரகம் ஒன்று, ஹைட்ரஜன் வாயுவிலிருந்து கரண்ட் தயாரிக்கும் ரகம் 2028-ல் என்று வரிசையாக அடுக்கிவிட்டார்கள்! பேட்டரி ஹைலக்ஸை முதலில் எங்கே ஓட்டிப் பார்த்தார்கள் தெரியுமா? தாய்லாந்தின் பட்டாயா நகரத்தில், நம் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றும் வண்டியாக! குறைந்த தூரம், தினமும் அதே வழி. அந்தப் பால் வண்டிக் கணக்குதான்.

சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி 2024-ல் மெக்சிகோவில் 'ஷார்க்' என்ற பிக்கப்பை இறக்கியது. வீட்டில் சார்ஜும் போடலாம், பங்க்கில் பெட்ரோலும் போடலாம். ஊருக்குள் கரண்ட், ஊரைத் தாண்டினால் பெட்ரோல்.

நம் ஊர்க் கம்பெனிகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் சின்ன பிக்கப் செய்பவர்கள் ஹைப்ரிட் பக்கம் போகாமல், நேராக முழு மின்சாரத்துக்கே தாவினார்கள். 2022 மே மாதம் டாடா மின்சார ஏஸை அறிமுகப்படுத்தியது. பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். யூனிட் என்றால் உங்கள் வீட்டு மின்சார அட்டையில் இருக்கிறதே, அதே யூனிட்தான். சுமை 600 கிலோ. ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சோதனைக்கூடச் சான்றிதழ். 2024-ல் ஒரு டன் சுமக்கும் மின்சார ஏஸ் வந்தது. அதே 2024 அக்டோபரில் மஹிந்திரா கம்பெனி 'ஜியோ' என்ற மின்சாரக் குட்டி லாரியைக் கொண்டுவந்தது.

நம் தமிழ்நாட்டுக்காரர்களும் களத்தில் இருக்கிறார்கள். ஓசூரில் 'தோஸ்த்' வண்டி செய்யும் அசோக் லேலண்ட் குழுமத்தின் மின்சாரப் பிரிவு 'சுவிட்ச்'. இது இரண்டு மின்சாரச் சரக்கு வண்டிகளை 2023-ல் காட்டியது. முருகப்பா குழுமத்தின் 'மோன்ட்ரா' கம்பெனி 2025 ஜனவரியில் 'ஏவியேட்டர்' என்ற வண்டியோடு வந்தது.

எல்லோரும் ஏன் மின்சாரம் என்கிறார்கள்? இவர்கள் மனதில் இருக்கும் வாடிக்கையாளரைப் பாருங்கள், புரிந்துவிடும். மின்சார ஏஸ் அறிமுகமான அன்றைக்கே அமேசான், பிளிப்கார்ட், பிக் பாஸ்கெட் போன்ற கம்பெனிகளோடு 39,000 வண்டிகளுக்கு ஒப்பந்தம் பேசியாகிவிட்டது. நகரத்துக்குள் வீடு வீடாகப் பார்சல், சாயங்காலம் கிடங்குக்குத் திரும்பி சார்ஜ். மறுபடியும் பால் வண்டி!

ஆனால் இந்தியா முழுக்க நகரம் இல்லையே. அதனால் டாடா இன்னொரு வேலையும் செய்தது. 2025 ஜூனில் 'ஏஸ் புரோ' என்ற 750 கிலோ சுமக்கும் வண்டியை மூன்று விதமாக விட்டது. அறிமுகமானபோது பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். இயற்கை எரிவாயுவில் ஓடி, அது தீர்ந்தால் அவசரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் வைத்த இரட்டை எரிபொருள் வண்டி 4 லட்சத்து 99 ஆயிரம். மின்சார வண்டி 6 லட்சத்து 50 ஆயிரம். பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் இரண்டரை லட்சம் வித்தியாசம்!

ஒரே ஒரு வண்டியைக் கடனில் வாங்கி, அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு இந்த இரண்டரை லட்சம் விளையாட்டு இல்லை. தினம் நிறைய கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோலுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் காசில் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துவிடலாம். வண்டி பாதி நாள் சும்மா நின்றால் எடுக்க முடியாது. காய்கறி வண்டிக்கு இன்னொரு பயமும் உண்டு. விடியற்காலைச் சந்தை யாருக்காகவும் காத்திருக்காது. பேட்டரி தீர்ந்து ஏதோ ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டால், அன்றைய பீன்ஸுக்கு அன்றைய விலை கிடைக்காது. நஷ்டம் வண்டிக்காரருக்கும் விவசாயிக்கும் சேர்த்துத்தான்.

மலை ஒரு கணக்கு வாத்தியார்

சரி, வில்பட்டிக்குத் திரும்புவோம். நகரத்துக்காகச் செய்த வண்டி மலைக்குச் சரிப்படுமா? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1 யூனிட் கரண்டுக்கு எவ்வளவு சக்தி தெரியுமா? 1,000 கிலோ எடையை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும்! எதுவும் வீணாகாமல் இருந்தால், அதாவது. வில்பட்டிப் பக்கத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் உயர வித்தியாசத்தைக் கணக்குக்காக 1,700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் குட்டி யானை காலியாக ஏறக்குறைய 1,250 கிலோ. 600 கிலோ சுமையோடு 1,850 கிலோ.

சுமையோடு அவ்வளவு உயரம் ஏற எத்தனை யூனிட்? 1.85 டன்னை 1,700-ஆல் பெருக்கி, 367-ஆல் வகுங்கள். ஏறக்குறைய எட்டரை யூனிட்! இது தூக்குவதற்கு மட்டும். ரோட்டில் உருளவும், காற்றைத் தள்ளவும் தனியாக வேண்டும். சமவெளியில் 21.3 யூனிட்டுக்கு 154 கிலோமீட்டர் என்றால், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்கு இன்னொரு ஏழு யூனிட். ஆக, கீழேயிருந்து அரிசி மூட்டையோ உர மூட்டையோ முழுசாக ஏற்றிக்கொண்டு ஒரு தடவை மலையேறினாலே பதினைந்து யூனிட்டுக்கு மேல் காலி. மொத்தம் இருப்பதே 21.3! சான்றிதழில் 154 கிலோமீட்டர் என்று போட்டிருந்ததே, அது சமவெளிக்கு எழுதிய சான்றிதழ். மலை அதைப் படித்ததில்லை.

ஏறும் பலத்தில் குறை சொல்ல முடியாது. 100 மீட்டர் போவதற்குள் 22 மீட்டர் உயரும் சரிவைக் கூட முழுச் சுமையோடு ஏறும் என்கிறது டாடா. இன்னொரு லாபமும் உண்டு. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலையேறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதே, அதே மாதிரி சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். எரிக்கக் காற்று வேண்டுமே! மோட்டாருக்கு மூச்சே கிடையாது, அதனால் மூச்சிரைப்பும் கிடையாது. ஆனால் பேட்டரிக்குக் குளிர் பிடிக்காது. டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் புல்லின் மேல் உறைபனி படியும் விடியற்காலைகளில், பேட்டரி வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும்.

இப்போதுதான் சுவாரசியமான இடம். ஏறும்போது செலவான எட்டரை யூனிட் எங்கே போனது? தொலைந்துவிடவில்லை. வண்டியின் உயரத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது! இறங்கும்போது அது வெளியே வரும். டீசல் வண்டியில் அதை என்ன செய்கிறோம்? பிரேக்கில் தேய்த்துச் சூடாக்கி வீணடிக்கிறோம். மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக இறங்கும்போது கருகிய வாடை வருமே, அது அந்தச் சக்தி எரிகிற வாடைதான். அனுபவப்பட்ட டிரைவர்கள் இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு இன்ஜினாலேயே வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடக் கூடாதே என்று.

மின்சார வண்டி வேறு வித்தை செய்யும். தாத்தா வீட்டில் டைனமோ வைத்த பழைய சைக்கிள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டைனமோவை டயரில் சாய்த்தால் விளக்கு எரியும். ஆனால் பெடல் கனத்துப்போகும். கரண்ட் எடுக்க எடுக்க, சக்கரம் சுற்றச் சிரமப்படும். மின்சாரக் குட்டி யானை இறங்கும்போது அதன் மோட்டார், டைனமோவாக மாறிவிடும். சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். கிடைத்த கரண்டைப் பேட்டரிக்குள் அனுப்பும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' என்று இதற்குப் பெயர். ஹைப்ரிட் வண்டிகளும் இதைச் செய்யும். ஆனால் அவற்றில் பல வண்டிகளின் பேட்டரி சின்னது. நீளமான மலை இறக்கத்தில் பாதி வழியிலேயே நிரம்பிவிடும்.

இங்கே வில்பட்டிக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. காய்கறி மூட்டை எந்தத் திசையில் போகிறது? கீழ் நோக்கி! பாரத்தோடு இறங்கும் வண்டி எட்டரை யூனிட் அளவுக்குச் சக்தியை வெளியே விடுகிறது. காலியாகத் திரும்பி ஏற, தூக்கும் செலவு ஆறு யூனிட்டுக்கும் குறைவு. மூட்டையை மேலே கொண்டுபோன செலவு யாருடையது? யாருடையதும் இல்லை. கேரட் அங்கேயே விளைந்தது!

இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்ட ஒரு பிரம்மாண்ட வண்டி சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. பீல் நகரத்துக்குப் பக்கத்தில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டும் குவாரியில், டீசல் டிப்பர் லாரி ஒன்றை மின்சார வண்டியாக மாற்றினார்கள். பெயர் 'இ-டம்பர்'. காலியாக 45 டன். மேலே ஏறி, 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும். காலியாக ஏறச் செலவாகும் கரண்டை விட, பாரத்தோடு இறங்கும்போது கிடைக்கும் கரண்ட் அதிகம் என்கிறார்கள். ஓட ஓட பேட்டரி நிரம்புகிற வண்டி!

'அப்போ நம் குட்டி யானையும் சார்ஜே போடாமல் ஓடுமா?' என்று துள்ளாதீர்கள். அந்த ராட்சசன் தன் எடையை விட அதிகமாகச் சுமக்கிறான். சரிவோ செங்குத்து, தூரமோ குறைவு. நம் குட்டி யானை தன் எடையில் பாதியைத்தான் சுமக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் உருண்டு போகவே பெரும்பகுதிச் சக்தி செலவாகிவிடும். மோட்டார் திருப்பிப் பிடிக்கும்போதும் கொஞ்சம் சேதாரம் உண்டு. அதனால் இறங்கி முடிக்கும்போது பேட்டரி பெரிதாக நிரம்பியிருக்காது. ஆனால் பெரிதாகக் குறைந்தும் இருக்காது. சுமையோடு மலையிறக்கம் ஏறக்குறைய இலவசம்!

வத்தலக்குண்டோடு திரும்பினால், காலி வண்டி ஏற ஆறு, உருள ஏழு என்று பதின்மூன்று யூனிட்டில் வீடு வந்து சேரலாம். திண்டுக்கல்லோ மதுரையோ போய்வர வேண்டுமென்றால் இந்தப் பேட்டரி போதாது. கீழே எங்காவது சார்ஜ் போட்டே ஆக வேண்டும். டீசல் போட ஐந்து நிமிஷம். இதற்கு வேகமான சார்ஜரிலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். சந்தையில் மூட்டை இறக்கி, எடை போட்டு, காசு வாங்கி, டிபன் சாப்பிடும் நேரம் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். சந்தைக்குள்ளேயே சார்ஜர் இருந்தால்தான் அதுவும்! என்னைக் கேட்டால், மலையடிவாரச் சந்தைகளில் நாலு சார்ஜர் வைப்பது, வண்டியில் பெரிய பேட்டரி வைப்பதை விட மலிவான வழி. அது இல்லாதவரை, தூரத்துச் சந்தைக்குப் போகிறவர் டீசலை விட மாட்டார். அவர் மேல் தப்பும் இல்லை.

புதிருக்கு விடை

100 சதவீதம் சார்ஜ் போட்டு வில்பட்டியிலிருந்து இறங்கிய டிரைவர் செய்தது சரியா, தப்பா?

தப்பு! நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடும். நிரம்பிய பேட்டரி, வருகிற கரண்டை வாங்கவே வாங்காது. வாங்க ஆள் இல்லையென்றால் மோட்டாரால் டைனமோ வேலை செய்து வண்டியைப் பிடிக்கவும் முடியாது. இலவசக் கரண்டும் போச்சு. இறக்கத்தில் வண்டியைத் தாங்கும் வேலை முழுக்க சாதா பிரேக் தலையில் விழுந்து, அது சூடேறும். மலை உச்சியில் இருப்பவர் பேட்டரியில் கொஞ்சம் இடம் விட்டு, 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். மலையடிவாரத்திலிருந்து ஏறுகிறவர்தான் முழுசாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் முறை. 600 கிலோவுக்குப் பதிலாக 1,000 கிலோ உருளைக்கிழங்கு ஏற்றுகிறோம். காலி வண்டி 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1,700 மீட்டர் இறங்கினால், மலை எத்தனை யூனிட் கொடுக்கும்? காலியாக ஏற எத்தனை யூனிட் கேட்கும்? பென்சிலை எடுங்கள், 367-ஆல் வகுங்கள்!